வருந்தி அழைக்கும் விருந்து: கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்த தமிழர்களுக்குக் "கடன் திருநாள்" என்ற சொல் நன்றாகப் பழக்கமானது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் முழுப் பூசை காண வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளைகளுள் ஒன்று. மறைக்கல்வி வகுப்பில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்து வந்திருக்கிறார்கள். தமிழில் கடன் என்றால் கடமை என்றும் பொருள், திருப்பிச் செலுத்த வேண்டிய பணம் என்றும் பொருள். சிறு பிள்ளையின் காதில் இரண்டு பொருளும் ஒன்றாகவே விழும். கடவுளிடம் நமக்கு ஏதோ பாக்கி இருக்கிறது, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஆலயத்தில் அமர்ந்து அந்தப் பாக்கியைத் தவணை தவணையாக அடைக்கிறோம், தவணை தவறினால் அவர் வட்டியோடு கேட்பார் என்ற எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்காமலே மனத்தில் படிந்துவிடுகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இந்தச் சொல் வழக்கில் இல்லை என்றாலும், குடும்ப ஜெபம், ஓய்வுநாள் பள்ளி, தசமபாகம், உபவாசக் கூட்டம் என்று நீளும் வரிசையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடமும் இதே எண்ணம் வேரூன்றியிருப்பதைக் காணலாம்.

கிறிஸ்தவத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கும் அது பெரும்பாலும் செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை ஆகியவற்றின் பட்டியலாகவே தென்படுகிறது. ஆனால் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்துக்கு அடிப்படையாகக் கொள்ளும் நான்கு நற்செய்தி நூல்களைத் திறந்து படிப்பவர், அங்கே கட்டளைகளுக்கு முன்பாக ஒரு செய்தி நிற்பதைக் காண்பார். "இதோ, எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தியை உங்களுக்கு அறிவிக்கிறேன்" என்று, இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம் தூதன் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். நற்செய்தி, சுவிசேஷம் என்று நாம் வழங்கும் சொற்களுக்கு மூலமான யுவாங்கெலியோன் என்ற கிரேக்கச் சொல்லைக் கிறிஸ்தவர்கள் புதிதாக உருவாக்கவில்லை. போரில் வெற்றி கிடைத்தது என்பது போன்ற பொது அறிவிப்புகளுக்கு அக்காலத்தவர் பயன்படுத்திய சொல் அது, கி.மு. 9-ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரியேனே நகரத்துக் கல்வெட்டு, பேரரசன் அகஸ்டஸ் பிறந்த நாளை இதே சொல்லால் கொண்டாடுகிறது.

செய்திக்கும் கட்டளைக்கும் இலக்கணமே வேறு. இனி நீ செய்ய வேண்டியது இது என்று கட்டளை சொல்கிறது; உனக்காக இது நடந்துவிட்டது என்று செய்தி சொல்கிறது. போர் முடிந்துவிட்டது என்று ஒருவன் ஓடிவந்து சொன்னால், கேட்பவர்கள் அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். நம்பியவர்கள் அடைத்துவைத்த கதவைத் திறப்பார்கள், புதைத்துவைத்த நெல்லை எடுப்பார்கள், விளக்கேற்றுவார்கள். அவற்றை அவர்கள் செய்வது யாரும் உத்தரவிட்டதால் அன்று. கேள்விப்பட்ட செய்தி உண்மையென்று பட்டதால் செய்கிறார்கள். கிறிஸ்தவ வாழ்க்கையில் ஜெபம், வழிபாடு, ஈகை, தன்னடக்கம் ஆகியவற்றுக்கு உள்ள இடத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அவை விளங்கும் என்பது என் துணிபு.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் விஷயமாகத் தோன்றக்கூடும் என்பதால், ஞாயிறு வழிபாட்டையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். கி.பி. 303-இல் ரோமப் பேரரசன் டயோக்ளீசியன் கிறிஸ்தவர்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தான். அவர்களுடைய மறைநூல்கள் எரிக்கப்பட வேண்டும், வழிபாட்டு இடங்கள் இடிக்கப்பட வேண்டும், அவர்கள் ஒன்றாகக் கூடக் கூடாது. அடுத்த ஆண்டு, இன்றைய துனிசியாவில் இருந்த அபிட்டினா என்ற ஊரில், ஞாயிறு வழிபாட்டுக்காக வீட்டில் கூடிய 49 பேர் பிடிக்கப்பட்டு, கார்த்தேஜ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். பேரரசனின் தடையை மீறி இவர்களை உன் வீட்டில் ஏன் கூடவிட்டாய் என்று எமெரிட்டஸ் என்பவரிடம் அதிகாரி கேட்டபோது, ஆண்டவருடைய இந்தக் கூட்டம் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்று அவர் பதில் சொன்னதாக அந்த மறைசாட்சிகளின் வரலாற்றேடு கூறுகிறது.

தமிழில் இந்த இடத்தை விளக்குவதற்கு இரண்டு சொற்கள் போதும். வராமல் இருக்கக் கூடாது என்பது ஒன்று. வராமல் இருக்க முடியாது என்பது மற்றொன்று. முதலாவது சட்டத்தின் மொழி. இரண்டாவது பசித்தவனின் மொழி, காதலிப்பவனின் மொழி, தாய்வீட்டை நினைத்துக்கொண்டிருப்பவளின் மொழி. எமெரிட்டஸ் வீட்டுக்கு வந்தவர்களைக் கட்டாயப்படுத்த அன்றைக்கு எந்தச் சட்டமும் இருக்கவில்லை. இருந்த சட்டம் முழுவதும் அவர்களை வர வேண்டாம் என்றே சொல்லியது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில், ஸ்பெயின் நாட்டின் எல்விராவில் கூடிய ஆயர்கள், நகரத்தில் இருந்துகொண்டே மூன்று ஞாயிறு ஆலயத்துக்கு வராதவரைச் சிறிது காலம் விலக்கிவைக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள் என்பதும் உண்மை. 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று எல்லாருக்கும் விதித்தது. இத்தகைய விதிகளை நான் இழிவாகக் கருதவில்லை. ஆர்வம் குறைந்துபோன காலத்தில் மனிதர்கள் பசியையே மறந்துவிடாமல் இருக்க வைத்த வேலிகள் அவை. ஆனால் வேலி இருப்பது உள்ளே இருக்கும் பயிருக்காக. வேலியை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, இதுதான் வயல் என்று நாம் சொல்லிக் கொடுத்துவிட்டோமானால், அவர்கள் வளர்ந்ததும் அதைத் தாண்டிப் போவதில் வியப்பில்லை.

இயேசு தம் செய்தியைச் சொல்ல அடிக்கடி எடுத்துக்கொண்ட உருவகம் விருந்து. லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி ஒரு சாப்பாட்டுப் பந்தியில்தான் நடக்கிறது. யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிய பரிசேயர் குழுவின் தலைவன் ஒருவனின் வீட்டில், ஓய்வுநாளில் அவர் உணவருந்த அமர்ந்திருக்கிறார். வந்தவர்கள் முதன்மையான இடங்களைத் தேடிப் பிடிப்பதை முதலில் கவனித்துப் பேசுகிறார். பிறகு, தம்மை அழைத்த வீட்டுக்காரனிடமே, நீ விருந்து வைக்கும்போது நண்பர்களையும் உறவினர்களையும் செல்வமுள்ள அயலாரையும் அழைக்க வேண்டாம், அவர்கள் உன்னைத் திருப்பி அழைத்து ஈடு செய்துவிடுவார்கள், திருப்பிச் செய்ய முடியாத ஏழைகளையும் ஊனரையும் அழை என்று சொல்கிறார்.

மொய் நோட்டைப் பார்த்திருக்கும் தமிழருக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். பந்தல் வாசலில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை எழுதப்படும். எழுதப்பட்ட தொகை அவர் வீட்டு விசேஷத்தில் குறையாமல், முடிந்தால் சற்றுக் கூடுதலாக, திரும்பிப் போக வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் இதற்காகவே மொய் விருந்து வைப்பதும் உண்டு. அந்த ஏற்பாட்டில் நன்மை இருக்கிறது. வங்கி எட்டாத குடும்பங்களுக்கு அது கைமாற்று முதலாக உதவியிருக்கிறது. ஆனால் அங்கே சாப்பிடுகிறவர் தம் பங்கைக் கணக்கிட்டுக்கொண்டே சாப்பிடுகிறார். இயேசு சொல்லும் விருந்தில் வாசலில் நோட்டு இல்லை. கடவுளிடமிருந்து பெற்றதைத் திருப்பித் தந்து கணக்கை நேர்செய்ய எவராலும் முடியாது என்பதால், அங்கே கணக்கு எழுதத் தொடங்குவதே வீண். கிறிஸ்தவர்கள் கிருபை, அருள் என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பேச்சைக் கேட்ட விருந்தினரில் ஒருவன், கடவுளுடைய ஆட்சியில் உணவருந்துகிறவன் பாக்கியவான் என்று பொதுப்படையாக ஒரு வார்த்தை சொல்ல, அதற்கு மறுமொழியாக இயேசு உவமை ஒன்றைத் தொடங்குகிறார். ஒருவன் பெரிய விருந்து ஏற்பாடு செய்து அநேகரை அழைத்திருந்தான். அக்காலத்தில் முன்கூட்டியே அழைத்து வைப்பதும், சமையல் முடிந்ததும் ஆள் அனுப்பி மீண்டும் கூப்பிடுவதும் வழக்கம். "எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது, வாருங்கள்" என்று வேலைக்காரன் போய்ச் சொல்கிறான். இந்த ஒரு வாக்கியத்தில் கிறிஸ்தவ விசுவாசம் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம். வருகிறவர் அரிசி கொண்டுவர வேண்டியதில்லை, விறகு கொண்டுவர வேண்டியதில்லை, சமையல் முடிந்துவிட்டது. ஆனால் அழைக்கப்பட்டவர்கள் சாக்குச் சொல்கிறார்கள். ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான். ஒருவன் ஐந்து ஏர்மாடு வாங்கியிருக்கிறான். ஒருவனுக்கு இப்போதுதான் திருமணம் ஆகியிருக்கிறது. மூன்றில் ஒன்றுகூடத் தீய காரியம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர் மகிழ்ச்சியை இழப்பது பெரும்பாலும் பாவத்தின் கவர்ச்சியால் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உழைப்பும் உடைமையும் குடும்பமுமே போதுமான தடையாக அமைந்துவிடும் என்று இந்த உவமை காட்டுகிறது.

வீட்டெஜமான் கோபம் கொள்கிறான். நகரத்தின் தெருக்களிலும் சந்துகளிலும் உள்ள ஏழைகளையும் ஊனரையும் முடவரையும் குருடரையும் அழைத்துவரச் சொல்கிறான். அவர்கள் வந்த பின்னும், "இன்னும் இடம் இருக்கிறது" என்று வேலைக்காரன் வந்து சொல்கிறான். தென்மாவட்டச் சபைகளில் பண்டிகை நாட்களில் நடக்கும் அசன விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. கொட்டகையில் நீளப் பந்தி, அண்டா அண்டாவாகச் சோறு, அடுத்த பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம், எந்தச் சபை என்று கேட்காமல் இலை போடும் இளைஞர்கள். இதே தென்மாவட்டத்தில், வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து அமர்வதற்காகவே இரு கிளைகளாகக் கட்டப்பட்ட ஆலயமும் இருந்தது; உள்ளே இருந்த பிரிவினைச் சுவர் 1910-இல் தான் அகற்றப்பட்டது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இலையைத் தனியே போடுவது அழைப்பையே பொய்யாக்குவது என்பதை அந்தச் சுவரை எழுப்பியவர்கள் அறியாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்பதே என்னை மிகவும் வருத்துகிறது.

உவமையின் அடுத்த வாக்கியம் வரலாற்றில் பெரிய தீங்குக்கு வழிவகுத்தது. பெருவழிகளுக்கும் வேலிகளருகிலும் போய், என் வீடு நிறையும்படி ஜனங்களை உள்ளே வரப் பண்ணு என்று எஜமான் சொல்லும்போது, கிரேக்கத்தில் இருப்பது வற்புறுத்து என்று பொருள்படும் சொல். ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் முதலில், விசுவாசத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றே எண்ணியிருந்தார். வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோயிருந்த தொனாத்தியர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பேரரசின் சட்டங்களுக்கு அஞ்சித் திரும்பி வந்ததைக் கண்ட பிறகு அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதோடு, இந்த வாக்கியத்தையே அதற்கு ஆதாரமாகவும் காட்டினார். அவரைப் போன்ற பேரறிஞர் சொன்னது என்பதால், பிற்கால அரசுகளுக்கும், விசுவாசத்தில் பிறழ்ந்தவர்கள் என்று கருதியவர்களைத் தண்டித்த மறை விசாரணை மன்றங்களுக்கும் அது கருவியாயிற்று. இந்திய மண்ணிலேயே, கோவாவில் 1560-இல் அமைக்கப்பட்ட விசாரணை மன்றம் 1812-இல் முற்றாக ஒழிக்கப்படும்வரை என்ன செய்தது என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். இத்தனைக்கும் அகுஸ்தீனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், அதே வட ஆப்பிரிக்காவில், தெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர் ரோம அதிகாரிக்கு எழுதிய மடலில், சமயத்தைக் கட்டாயப்படுத்துவது சமயத்தின் இயல்புக்கே பொருந்தாது என்று வாதிட்டிருந்தார். துன்புறுத்தப்பட்ட காலத்தில் தெளிவாகத் தெரிந்த உண்மை, அதிகாரம் கைக்கு வந்தபின் மங்கிப்போனது. 1965 டிசம்பர் 7-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய உரிமை பற்றிய அறிக்கையில்தான், விசுவசிப்பது தன் இயல்பிலேயே மனிதனின் விருப்பச் செயல், யாரையும் அதற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை திட்டவட்டமாக எழுதியது.

இந்த இடத்தில் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. "ஜனங்களை உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்று அது எழுதுகிறது. வற்புறுத்தினால் நோவு அழைக்கப்படுகிறவனுக்கு. வருந்தி அழைத்தால் நோவு அழைக்கிறவனுக்கு. உவமையின் போக்கோடு பொருந்துவதும் இதுதான். வேலியோரத்தில் படுத்துக் கிடப்பவனிடம் போய், பெரிய வீட்டில் உனக்கு இலை போட்டிருக்கிறது என்று சொன்னால் அவன் எழுந்து ஓடிவர மாட்டான்; தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பான். கிழிந்த துணியையும் கழுவாத காலையும் பார்த்துத் தயங்குவான். அவன் கையைப் பிடித்து, இல்லை ஐயா, உண்மையாகத்தான் கூப்பிடுகிறார்கள், வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். எம்மாவு ஊருக்குப் போன இரு சீடர்கள், பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று, இயேசு என அறியாமலே, வழித்துணையாக வந்தவரை வருந்திக் கேட்டுக்கொண்டதும், பிலிப்பி நகரில் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணியை விற்ற லீதியாள் தன் வீட்டில் வந்து தங்கும்படி திருத்தூதர் பவுலையும் உடனிருந்தவர்களையும் வருந்திக் கேட்டுக்கொண்டதும் இதே வகையைச் சேர்ந்தவை. விருந்தோம்பலில் உள்ள வற்புறுத்தல் அது; இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள் என்று தாய்மார் சொல்வார்களே, அதைப் போன்றது.

அப்படியானால் கட்டளைகள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, அவை எந்த வாக்கியத்தோடு தொடங்குகின்றன என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்த உன் கடவுள் நானே என்பது முதலில் வருகிறது. செய், செய்யாதே என்பவை அதற்குப் பிறகு வருகின்றன. முதலில் விடுதலை கிடைத்தது, சட்டம் பின்னால் வந்தது. இந்தச் சட்டங்களைக் கைக்கொண்டால் உன்னை எகிப்திலிருந்து மீட்பேன் என்று அங்கே சொல்லப்படவில்லை. யூதர்களின் மறைமொழிகளைச் சுமை என்றும் கிறிஸ்தவத்தை மகிழ்ச்சி என்றும் பிரித்துப் பேசுவது நம் மேடைகளில் பரவலாக உள்ள பிழை. "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்" என்று 119-ஆம் சங்கீதம் பாடுகிறது. தோரா என்னும் தங்கள் திருச்சட்ட நூலைக் கையில் ஏந்தி ஆடிப்பாடுவதற்காகவே யூதர்கள் ஆண்டுதோறும் ஒரு திருநாளை வைத்திருக்கிறார்கள். அழைப்பு முன்னும் கட்டளை பின்னுமாக வரும் இந்த ஒழுங்கைக் கிறிஸ்தவர்கள் அவர்களிடமிருந்தே பெற்றார்கள். ஜெர்மனியில் 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் மறைக்கல்வி நூல் மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்று மூன்று பகுதிகளாக அமைந்திருக்கிறது. பத்துக் கட்டளைகளின் விளக்கம் அதில் நன்றி என்ற மூன்றாம் பகுதியில்தான் இடம்பெறுகிறது. நல்லொழுக்கம் மீட்பை வாங்கும் விலையாக இராமல், கிடைத்த மீட்புக்குக் காட்டும் நன்றியாக அமைகிறது என்பதை அந்த இட ஒதுக்கீடே சொல்லிவிடுகிறது.

இதே விருந்து உவமையை மத்தேயு எழுதும்போது, திருமண ஆடை இல்லாமல் வந்த ஒருவன் வெளியேற்றப்படுகிறான் என்று முடிப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அழைப்பு இலவசமானது என்பதால் அது அற்பமானதாகிவிடாது. அன்போடு கூப்பிட்ட வீட்டில், வந்த இடத்தைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருப்பவன் உண்மையில் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மகிழ்ச்சியைப் பற்றி இன்னொரு சிக்கலும் உண்டு. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். இதைக் கட்டளையாக எடுத்துக்கொண்ட சபைகளில் மகிழ்ச்சியே ஒரு கடனாக மாறிவிடுகிறது. துக்க வீட்டில் இருப்பவரிடம், விசுவாசி அழக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். மனச்சோர்வில் தவிப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் முகத்தைச் சரிசெய்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் நோகிறது. பவுல் அந்தக் கடிதத்தைச் சங்கிலியில் கட்டுண்டு, தீர்ப்பு வாழ்வா சாவா என்று தெரியாத நிலையில் எழுதினார். அதே கடிதத்தில் தம் நண்பன் எப்பாபிரோதீத்து சாகும் தறுவாயில் கிடந்ததையும், அவன் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்பதையும் மறைக்காமல் குறிப்பிடுகிறார். சங்கீத நூலில் மற்ற வகைப் பாடல்களைவிடப் புலம்பல்களே அதிகம். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வழிபாட்டில் பாடுவதற்கென்று சேர்த்து வைத்தார்கள். இவர்கள் சொல்லும் மகிழ்ச்சி முகத்தில் ஒட்டிவைக்கும் சிரிப்பாக இருக்க முடியாது. வேண்டப்பட்டவனாக ஒரு வீட்டில் எனக்கு இடம் இருக்கிறது என்ற உறுதியிலிருந்து பிறப்பது அது. அந்த வீட்டில் அழவும் இடம் உண்டு.

கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் தம் பணியைக் குறித்து, உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகள் இல்லை, உங்கள் சந்தோஷத்திற்கு உதவியாளர்கள் என்ற கருத்தில் ஒரு வரி சொல்கிறார். போதகர்களும் குருக்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கடமையாக இருந்தது அழைப்பாக மாறிய வாழ்க்கைக்கு எனக்குத் தெரிந்த தெளிவான எடுத்துக்காட்டு ஜான் வெஸ்லி. 1703-இல் இங்கிலாந்தில் குருமனையில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது தம்பி சார்லஸுடனும் சில நண்பர்களுடனும் சேர்ந்து, குறித்த நேரத்தில் ஜெபம், வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்திப்பது என்று கணக்குத் தவறாமல் வாழ்ந்தார்; மெதடிஸ்ட் என்ற பெயரே அந்த ஒழுங்கைக் கிண்டல் செய்தவர்கள் சூட்டியது. 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் அடித்து, அலை கப்பலின் தளங்களுக்கிடையே புகுந்து, பாய் கிழிந்தபோது ஆங்கிலேயர் அலறினார்கள். உடன் பயணம் செய்த மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்களோ, தாங்கள் தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளும்கூட அஞ்சவில்லை என்பது வெஸ்லியின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. ஜார்ஜியாவில் தோல்வியுற்று ஊர் திரும்பினார். 1738 மே 24 அன்று மாலை, விருப்பமில்லாமலே லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டத்துக்குப் போனார். பவுலின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தம் இதயம் இனம்புரியாத விதத்தில் இதமாக வெம்மையுற்றதாக அவர் நாட்குறிப்பில் எழுதினார்.

பிற்காலத்தில் தம் பழைய குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தபோது, அந்த நாட்களில் எனக்கு வேலைக்காரனின் விசுவாசம் இருந்தது, மகனின் விசுவாசம் இருக்கவில்லை என்று அவர் விளக்கம் சேர்த்தார். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, அவர் ஒழுங்கு எதையும் கைவிடவில்லை. அதிகாலையில் எழுவதும் உபவாசமும் ஏழைகளுக்குக் கொடுப்பதும் குதிரைமேல் ஊர் ஊராகப் போவதும் முதுமைவரை தொடர்ந்தன. செய்த காரியங்கள் ஏறத்தாழ அவையேதான். செய்யத் தூண்டிய ஊற்று வேறு. இரண்டாவது, அந்த வெம்மை நாள்தோறும் ஒரே அளவில் இருந்துவிடவில்லை. எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரியில், நான் கிறிஸ்தவனே இல்லை என்று அவர் எழுதிவைத்தார். விசுவாசத்தில் புதிதாக அடியெடுத்து வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வறண்ட நாட்களில் ஒருவர் பழக்கத்தின் பலத்தால் மட்டும் ஜெபத்தில் முழங்கால் படியிடுவாரானால், அது போலித்தனம் ஆகிவிடாது. காய்ச்சலில் நாக்குக்கு ருசி தெரியாதபோதும் கஞ்சி குடிக்கிறோம்.

வேலைக்காரன், மகன் என்ற இந்த வேறுபாட்டை வெஸ்லிக்கு வேதம்தான் கொடுத்தது. லூக்கா 15-ஆம் அதிகாரத்துக் கெட்ட குமாரன் கதையில் நாம் இளையவனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்; சொத்தை அழித்துவிட்டு, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று சொல்ல நினைத்து வந்தவனை, அதைச் சொல்லி முடிக்க விடாமலே தகப்பன் உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். கடனாகத் தொடங்க எண்ணியவனுக்கு விருந்து கிடைக்கிறது. மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். வீட்டில் கீதவாத்தியமும் நடனக்களிப்பும் கேட்கின்றன. காரணம் கேட்டறிந்ததும் கோபம் கொண்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று தொடங்குகிறது அவன் முறையீடு. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது அடிமையாக உழைத்தல் என்ற வினை. தன் சொந்த வீட்டில், தனக்கே வரப்போகும் நிலத்தில், இத்தனை ஆண்டுகளாக அவன் அடிமை வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான். ஒரு கட்டளையையும் மீறவில்லை என்கிறான். அது பொய்யும் இல்லை. ஆனால் நண்பர்களோடு மகிழ ஒரு ஆட்டுக்குட்டி கிடைக்கவில்லை என்ற கணக்கு அவன் நெஞ்சில் வரவு செலவாக எழுதப்பட்டே வந்திருக்கிறது. எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்று தகப்பன் சொல்லும்போதுதான், அவன் கேட்டிருந்தால் தொழுவமே அவனுடையது என்பது வாசிக்கிற நமக்குத் தெரியவருகிறது.

அவனை உள்ளே வரும்படி தகப்பன் ஆணையிட்டிருக்கலாம். மூத்தவன் கீழ்ப்படிதலுள்ள பிள்ளை. ஆணை என்றால் வந்திருப்பான், வந்து ஒரு மூலையில் முகம் இறுகி உட்கார்ந்திருப்பான். தமிழ் வேதாகமம் இங்கேயும் அந்தப் பழைய சொல்லையே வைத்திருக்கிறது: "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்." இளையவனுக்காக ஓடியவர், மூத்தவனுக்காகவும் விருந்தாளிகளை விட்டுவிட்டு இருட்டில் இறங்கி வருகிறார். மகனே என்று கூப்பிட்டுப் பேசுகிறார். அதன்பின் மூத்தவன் என்ன செய்தான் என்று லூக்கா எழுதவில்லை. அவர் எழுதியிருக்கும் வரையில், உள்ளே பாட்டு நடந்துகொண்டிருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, வயல் மண் ஒட்டிய காலோடு நிற்கும் மகனுக்கு அருகே தகப்பன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.